பாடுமானியில் ஏறாத பாடு

பாடுமானி வந்து முதல் மாதக் கணக்கு வெளியான அன்று, இறால் கம்பெனியின் உரிப்புக் கூடத்தில் சலேத்மேரியின் பெயர் எல்லாருக்கும் அடியில் கிடந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பச்சைக் கோடு. கோடு நீண்டால் கூலி நீளும், அவ்வளவுதான் விஷயம். கூடத்துப் பெண்களின் கோடெல்லாம் பெட்டி தூக்கும் லோடிங் ஆண்களின் கோட்டுக்குச் சமமாக ஓடிவந்து நின்றிருந்தது. சிலருடையது ஆண்களைத் தாண்டியும் போயிருந்தது. சலேத்மேரிக்குக் கோடே இல்லை, ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

"ஏ சலேத்து, மாசம் பூரா உறங்கிக்கிட்டே உரிச்சியாட்டி?" என்றார் சூப்பர்வைசர் கில்பர்ட் அண்ணாச்சி.

கூடம் சிரித்தது. பக்கத்தில் நின்று உரிக்கும் இசக்கியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "மிசினுல கோளாறு அண்ணாச்சி. இவ உரிக்கதுல பாதிகூட நாங்க உரிக்கது இல்ல. ஒமக்கே தெரியும்" என்று மல்லுக்கு நின்றாள்.

சலேத்மேரி திரையைப் பார்த்தாள். பிறகு தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி" என்றாள். அவள் எதற்கும் அப்படித்தான் சொல்வாள்.

பாடுமானி என்ற இந்தக் கருவி வந்த கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. தூத்துக்குடியில் இறால் உரிக்கிற பெண்கள் எத்தனையோ வருஷமாகக் கேட்டது ஒரே ஒரு காரியம். பெட்டி தூக்குகிற ஆணுக்கு என்ன கூலியோ அதே கூலி எங்களுக்கும் வேண்டும். பதிலும் மாறாமல் ஒன்றேதான் வந்தது. அவன் பார்ப்பது கன வேலை, நீ பார்ப்பது லேசு வேலை. விடிந்ததிலிருந்து ஐஸுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்ற நிலையில் தலை கிள்ளி, தோடு உரித்து, நரம்பு உருவிப் போடுவது லேசு வேலையாம்! சொன்ன மகராசன்களில் ஒருத்தனாவது ஒரு பொழுது அங்கே நின்று பார்த்திருப்பானா? கடைசியில் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கம்பெனி வாசலில் உட்கார்ந்தார்கள். சலேத்மேரியும் உட்கார்ந்தாள், அதுவும் முன்வரிசையில்.

அரசாங்கம் யோசித்தது. ஆண் சொல்வதும் வேண்டாம், பெண் சொல்வதும் வேண்டாம், முதலாளி சொல்வதும் வேண்டாம், உடம்பே சொல்லட்டும் என்று சட்டம் போட்டது. பிடரியில் ஒட்ட ஒரு வில்லை, மணிக்கட்டில் ஒரு பட்டை. கேட்டுக்குள் காலை வைத்ததும் உயிர் வரும், வெளியே போனதும் அணைந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் வேலை அந்த உடம்பை எவ்வளவு படுத்துகிறது என்று அளந்து திரைக்கு அனுப்பும். ஆணா பெண்ணா என்று அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. அதனால் அது பொய் சொல்லாது என்றார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அது நிறையப் பேருக்கு நல்லதே செய்தது. வேலைநிறுத்தத்துக்குப் போனபோது இசக்கியைக் கன்னத்தில் அறைந்த அவள் மாமியார், இப்போது அவளுக்குத் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுக்கிறாள். வீட்டில் எதை வாங்குவதானாலும் இசக்கியை ஒரு வார்த்தை கேட்கிறார்கள். "என்னையக் கேக்குதாவடி, என்னைய!" என்று அவளே அதிசயப்பட்டுக்கொண்டாள்.

சலேத்மேரிக்கு வேண்டியிருந்தது வீடு. உப்பளத்துக்குப் பின்னால் தொழிலாளர்களுக்கென்று அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆணோ பெண்ணோ, தொடர்ந்து மூன்று மாதம் முழுக்கூலி வாங்கினால் அவரவர் பெயரிலேயே சாவி. அதற்குக் குறைந்தால் ஜாமீன் கையெழுத்து வேண்டும். கட்டிக்கொண்ட பெண்ணுக்குப் புருஷன் போட வேண்டும்.

அந்தப் புருஷனை விட்டுத்தான் அவள் ஓடி வந்திருந்தாள். பெயர் வியாகுலம், வேன் டிரைவர். அவன் அடித்த கதையெல்லாம் விவரமாக எதற்கு? அடித்தான், பல வருஷம் அடித்தான். பிறகு ஒரு நாள் அவள் உடுத்தியிருந்த சேலையோடு பஸ் ஏறிவிட்டாள். அதற்கப்புறம் அவள் பிடித்த ஒவ்வொரு வாடகை அறையிலும், "ஒங்க வீட்டுக்காரரு எப்பம்மா வருவாரு?" என்று கேட்டார்கள். வரமாட்டார் என்று தெரிந்ததும் காலி பண்ணச் சொன்னார்கள். தன் பெயரில் ஒரு கதவு, அதை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவே. ஆசை என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. அது வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் தொழிலாளர் துறையிலிருந்து ஷண்மதி வந்தாள். சேலத்துப் பெண், கருவிகளைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர். கேன்டீன் மேசையில் சலேத்மேரியை உட்காரவைத்து வில்லையைக் கழற்றினாள், வேறொன்றை ஒட்டினாள், மூன்றாவதாக ஒன்றையும் ஒட்டிப் பார்த்தாள். அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கருவியில ஒண்ணுமில்லக்கா. சரியாத்தான் இருக்கு."

"அப்ப நான் வேல பாக்கலயா?"

"பாக்குறீங்க. நான்தான் கண்ணால பாக்குறேனே. ஆனா இது வேலைய அளக்கலக்கா, வேலை உங்கள என்ன பண்ணுதுன்னு அளக்குது. குளுந்தா, குத்துனா, இடுப்பு கடுத்தா, உடம்பு உள்ளுக்குள்ள கத்தும். நமக்குத் தெரியாமலேகூட கத்தும். அந்தக் கத்தலத்தான் இது எண்ணுது. பெட்டி தூக்குற ஆம்பளையும் இறால் உரிக்கிற பொம்பளையும் ஒரே மாதிரிதான் கத்துறாங்கன்னு இது வந்தப்புறம்தான் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"என் உடம்பு?"

ஷண்மதி கழற்றிய வில்லைகளைப் பெட்டிக்குள் வைத்தாள். "வாயே தொறக்க மாட்டேங்குதுக்கா."

சலேத்மேரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். விரல்நுனிகள் வெளுத்து ஊறிப்போய், இறால் தலைக்கொம்பு குத்திய வடுக்களோடு இருந்தன. யாரோ விட்டுவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"காலையில வேலை தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் ஐஸ் தொட்டிக்குள்ள கைய முக்கி வெச்சிருப்பீங்களாமே, எதுக்கு?" என்று கேட்டாள் ஷண்மதி.

அது உரிப்புக் கூடத்துப் பழக்கம். மணிக்கட்டுவரை ஐஸுக்குள் விட்டு, பிறத்தியார் கைபோல ஆகிறவரை வைத்திருப்பார்கள். அப்புறம் கொம்பு குத்தினாலும் தோடு கிழித்தாலும் தெரியாது. கை தன்பாட்டுக்குப் பறக்கும். "கைய மரக்க விடுதது" என்பார்கள். பாடுமானி வந்த முதல் வாரமே மற்றப் பெண்கள் அதை விட்டுவிட்டார்கள். மரத்த கை கத்தாது, கத்தாத கைக்குக் கூலி இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"நானும் விட்டுட்டேம்மா. மரக்க விடலன்னாலும் அப்படியேதான் இருக்கு" என்றாள் சலேத்மேரி.

"எப்போலேந்து?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "கல்யாணம் ஆன புதுசுல நோவும். பொறவு ஒரு நாளு, அவரு அடிக்கும்போது நான் கொஞ்சம் தள்ளி நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். அடி வாங்குதது வேற யாரோ மாதிரி. அது நல்லா இருந்துச்சு. பொறவு திரும்பி உள்ள போகவே இல்ல."

ஷண்மதிக்குக் கண் நிறைந்துவிட்டது. சலேத்மேரி அவளுக்கு டீயைத் தள்ளி வைத்தாள்.

"இப்ப நான் என்ன செய்யணும்? நோவணும், அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்க்கா" என்றாள் ஷண்மதி. அப்படிச் சொன்னதற்காக அவள் பிறகு எத்தனை நாள் வருந்தினாளோ, எனக்குத் தெரியாது.

இசக்கி இந்த வேலையைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் நாள் சலேத்மேரியின் செருப்புக்குள் கருங்கல் ஜல்லி போட்டாள். மறுநாள் கையுறைக்குள் மிளகாய்ப்பொடி. அதற்கடுத்த நாள், "ஒன் அம்மா செத்தத நெனச்சுக்கோ" என்றாள். சலேத்மேரி கெட்டிக்காரப் பிள்ளைபோல எல்லாவற்றையும் செய்தாள். பாதம் கிழிந்தது, கை வெந்து சிவந்தது, அம்மாவையும் நினைத்தாள். திரையில் புள்ளி புள்ளியாகவே இருந்தது.

"மாரியாத்தா, நீ மனுசிதானாட்டி? எங்க வீட்டு ஆட்டுரலு ஒன்னையவிடக் கூட நோவும்!" என்று இசக்கி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அடிக்கு அவளுடைய கோடு கொஞ்சம் ஏறியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சலேத்மேரியும் சிரித்தாள். சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவள் வாய்க்கு மறந்துவிடவில்லை.

அந்த மாதமும் பாதி போயிற்று. ஒரு புதன்கிழமை மத்தியானம், ஐஸ் வண்டிக்காகக் கூடத்தின் பெரிய கதவைத் திறந்தபோது, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வியாகுலம் நின்றுகொண்டிருந்தான்.

அடுக்குமாடி விஷயம் அவன் காதுக்கும் எட்டியிருந்தது. ஜாமீன் கையெழுத்துக்கு அவள் எப்படியும் தன்னிடம்தான் வரவேண்டும் என்று கணக்குப் போட்டு, பார்த்துவிட்டுப் போக வந்திருந்தான். பொட்டலத்திலிருந்து கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினான். சலேத்மேரி பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. ஆள் இளைத்திருக்கிறான் என்று நினைத்தாள். அவள் கை நிற்கவில்லை, தலை கிள்ளியது, தோடு உரித்தது, நரம்பு உருவியது.

"ஏட்டி... திரையப் பாரு" என்றாள் இசக்கி.

புள்ளியிலிருந்து கோடு கிளம்பியிருந்தது. சரசரவென்று நீண்டு, இசக்கியைத் தாண்டி, லோடிங்காரர்களைத் தாண்டி, திரையின் ஓரத்துக்கே போய் முட்டி நின்றது. கூடத்தில் அப்படி ஒரு கோட்டை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கில்பர்ட் அண்ணாச்சி ஓடிவந்து சலேத்மேரியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "என்னளா செய்யுது ஒனக்கு? நெஞ்சு கிஞ்சு வலிக்கா?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது நிஜம். பயந்தது அவள் உடம்பு. அவளுக்கு அதில் பங்கில்லை. திரையைப் பார்த்துத்தான், 'ஓகோ, பயமாக இருக்கிறது போல' என்று தெரிந்துகொண்டாள்.

வியாகுலம் கடலையைத் தின்று முடித்துவிட்டுப் போனான். கோடும் இறங்கிவிட்டது.

மறுநாள் காலையில் சலேத்மேரி நேராகக் கில்பர்ட் அண்ணாச்சியின் மேசைக்குப் போனாள். "லோடிங்ல ஆளு பத்தலன்னு சொன்னீரே அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரச் சேத்துக்கிடுதீரா?"

அண்ணாச்சி நல்ல மனிதர். அதனால் சந்தோஷப்பட்டார். "எத்தன நாளைக்குத்தான் தனியா கெடப்ப? நல்ல முடிவுதான்" என்றார்.

இசக்கி விட்டாளா? கழுவுகிற இடத்தில் அவளைப் பிடித்து நிறுத்தினாள். "ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்காட்டி? ஒன் விலாவ ஒடச்சவன நீயே கூப்பிட்டு வேல வாங்கிக் குடுக்க?"

"அவரு இங்கன நடமாடுனா எனக்குக் கோடு ஏறுதுல்லா."

"அதுக்கு?"

"மூணு மாசம் ஏறுனா வீடு எம் பேருக்கு வரும். பொறவு அந்தாளு மூஞ்சியில முழிக்க வேண்டாம். இங்க இத்தன பேரு இருக்கீய, அடிக்கவா போறாரு?"

அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று இசக்கிக்குச் சொல்லத் தெரியவில்லை. "நீ பேசுதது நல்லா இல்லட்டி" என்று மட்டும் சொன்னாள்.

வியாகுலம் அடுத்த மாதத் தொடக்கத்தில் வேலைக்கு வந்து சேர்ந்தான். அவள் மனசு இரங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான், வேறெப்படி நினைப்பான்? முதல் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்து, "ஏளா சலேத்து, பழச மறந்துட்டியா?" என்று கேட்டான். அவன் குரல் முதுகில் பட்டதும் கோடு ஏறியது. அவன் பெட்டியைத் தொப்பென்று போட்டால் ஏறியது. இருமினால் ஏறியது. கதவுக்கு அந்தப்பக்கம் அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே போதும். சலேத்மேரி தலையைத் தூக்காமல் உரித்தாள். ராத்திரிகளில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. அவள் அதை வாரிச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். மாதம் முடிந்ததும் முழுக்கூலி வந்தது. ஆயுசில் முதல் முறை அவள் ஆண்கள் வாங்குவதை வாங்கினாள்.

இரண்டாவது மாதமும் வந்தது. அந்த மாதக் கடைசியில்தான் ஷண்மதிக்கு விஷயம் எட்டியது. கேன்டீனுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கிட்டத்தட்டச் சண்டையே போட்டாள்.

"இதுக்காக இதச் செய்யலக்கா. வேலையோட கஷ்டத்துக்குத்தான் இந்தக் கூலி. நீங்க பயத்துக்குக் கூலி வாங்குறீங்க."

"சட்டத்துல அப்படி எழுதிருக்கா? இந்த நோவுக்குக் கூலி உண்டு, இந்த நோவுக்குக் கெடையாதுன்னு?"

"எழுதல. எழுதணும்னு யாருக்கும் தோணல."

"லேசு வேலன்னு சொல்லி இத்தன வருசம் பாதிக் கூலி குடுத்தாவ. இப்ப உடம்பு கத்துனா முழுக்கூலின்னாவ. கத்த வச்சிட்டேன். இன்னும் என்னதான்ம்மா செய்யச் சொல்லுதிய?"

ஷண்மதி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், சலேத்மேரியின் கணக்கை நிறுத்திவிடலாம். ஆனால் நிறுத்தினால் வீடும் போய்விடும். "இன்னும் ஒரு மாசந்தானேக்கா?" என்று கேட்டாள். "ஒரு மாசந்தான்" என்றாள் சலேத்மேரி. ஷண்மதி எதுவும் எழுதவில்லை.

மூன்றாம் மாதத்து முதல் வாரத்தில், குளிர் அறையில் ஆள் குறைந்து வியாகுலத்தை உள்ளே அனுப்பினார்கள். பெட்டிகளை இறக்கிவிட்டு வெளியே வந்தவன் அப்படியே கூடத்து வாசலில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையையும் கக்கத்துக்குள் சொருகிக்கொண்டு, "யம்மா, யம்மா" என்று முனகினான். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. சுற்றி நின்ற பெண்கள், தினம் தினம் அதே குளிரில் கையை விடுகிறவர்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"சலேத்து... கை போயிட்டுளா. வெரலே இல்லாத மாதிரி இருக்கு. கொஞ்சம் சுடுதண்ணி கொண்டாளா" என்று அழுதான்.

சலேத்மேரி நின்று பார்த்தாள். அந்தக் கைகளைத்தான் பார்த்தாள். குட்டையான, சிவந்த, நடுங்குகிற இரண்டு கைகள். இவ்வளவுதானா? இந்தக் கைகளுக்காகவா நான் என் உடம்புக்குள் ஆளே இல்லாமல் போனேன்? இந்தக் கேள்வி அவளுக்குள் வந்தது, வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவள் கேன்டீனுக்குப் போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "இதுல முக்கிட்டு இரும். பத்து நிமிசத்துல சரியாப் போவும்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

திரும்பி வந்து உரிக்க நின்றபோது இசக்கி அவள் தோளைத் தொட்டாள். திரையில் சலேத்மேரியின் கோடு இல்லை. புள்ளி இருந்தது.

அவன் கிட்டத்திலேயேதான் உட்கார்ந்திருந்தான். இருமினான், மூக்கைச் சிந்தினான், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். புள்ளி அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. அவள் வேண்டுமென்றே அவன் வழியில் போய் நின்றாள். "ஏன் இப்படி நோஞ்சானாட்டம் தூக்குதீரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சீண்டிப் பார்த்தாள். பழைய வியாகுலமாக இருந்தால் பல்லைப் பெயர்த்திருப்பான். இவன் முறைத்தான், முறைத்தபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனான். ராத்திரி சோறு இறங்கியது. நன்றாகத் தூங்கினாள். விடிந்து எழுந்ததும், தூங்கிவிட்டோமே, இனிக் கோடு ஏறாதே என்று உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

ஷண்மதி வந்து வில்லையை மாற்றிப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"அக்கா, உங்களுக்கு அவர்கிட்ட பயம் போயிடுச்சு" என்றாள். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய வாக்கியம். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

"போயிட்டு. ஒரு மாசம் பொறுத்துப் போயிருக்கலாம்" என்றாள் சலேத்மேரி.

அந்த மாதக் கணக்கில் அவள் மறுபடியும் லேசு வேலைக்காரி ஆனாள்.

வீடு ஒதுக்கும் அலுவலகத்தில் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்டுப் பார்க்கலாம் என்று ஷண்மதிதான் யோசனை சொன்னாள். சலேத்மேரி அரைநாள் லீவு போட்டுப் போனாள். மேசையில் இருந்தது கண்ணாடி போட்ட ஒரு அம்மா, முகம் பார்த்துப் பேசுகிறவர். எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் நல்லா இருந்து மூணாவது மாசம் விழுந்திருக்கேம்மா. தவணை குடுக்க வழியில்லயே" என்று வருத்தப்பட்டார். பிறகு இன்னும் எதையோ தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரர் பேரு வியாகுலமா? அதே கம்பெனியா?"

"ஆமா."

"அட, இத மொதல்லயே சொல்லக்கூடாது? அவருக்கு மூணு மாசமும் முழுக்கூலி வந்திருக்கே! முந்தாநாளே வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. சாவிகூட ரெடியாயிடுச்சு. ஜாமீன், கையெழுத்து ஒண்ணும் வேண்டாம்."

குளிரில் அழுத அந்த உடம்பு, ஒவ்வொரு பெட்டிக்கும் முனகிய அந்த உடம்பு, வந்த நாளிலிருந்து வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. கருவி ஒன்றுவிடாமல் கேட்டு எண்ணியிருக்கிறது. லோடிங்காரர்களின் கோட்டை யார் பார்த்தார்கள்? அவள் தன்னுடையதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரையும் சேத்துத்தான் குடுத்திருக்காரு" என்று அந்த அம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். "இதோ பாருங்க. சலேத்மேரி, மனைவி, அவரைச் சார்ந்திருப்பவர். நல்ல மனுஷன்தான்."

"சரிங்க" என்றாள் சலேத்மேரி.

வெளியே நல்ல வெயில். பஸ் உடனே வந்தது, உட்கார இடமும் கிடைத்தது. கம்பெனிக்கு வந்து தொப்பியை மாட்டி, கையுறையைப் போட்டு, தன் இடத்தில் போய் நின்றாள். இசக்கி இறாலைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தாள்.

"என்னட்டி சொன்னாவ?"

"வீடு கெடச்சிட்டு."

"மாரியாத்தா! ஏ, நெசமாவாட்டி?" இசக்கி துள்ளிவிட்டாள். "ஒம் பேருலயா?"

"அவரு பேருல. நான் அவரச் சார்ந்தவளாம். எழுதிருக்காவ."

அன்றைக்கு வந்த பெட்டியில் இறால் சிறுசாக இருந்தது. சலேத்மேரி ஒன்றை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். இசக்கியின் கையிலிருந்தது நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அவள் ஈரக் கையுறைகளோடு முகத்தைப் பொத்திக்கொண்டு, மேசைமேல் சாய்ந்து ஓவென்று அழுதாள். "நாசமாப் போவ, நாசமாப் போவ" என்று யாரைத் திட்டுகிறோம் என்றே தெரியாமல் திட்டினாள். கில்பர்ட் அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார்.

சுவரில் இசக்கியின் கோடு ஓடத் தொடங்கியது. லோடிங்காரர்களைத் தாண்டி, திரையின் ஓரத்தை நோக்கி ஓடியது. சலேத்மேரி ஒரு முறை அண்ணாந்து அதைப் பார்த்தாள். பிறகு இசக்கியின் தட்டில் மிச்சமிருந்த இறாலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவளுக்கும் சேர்த்து உரிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அந்தப் பாடு இசக்கியின் பெயரில் ஏறியது.